புதையல் வேட்டை நடக்கிறது, எழுத்துப்பிழை மட்டும் போகவில்லையா?

பெங்களூரில் ராமமூர்த்தி நகர்ப் பக்கம் ஓர் அடுக்ககத்தின் பார்ட்டி ஹாலில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 14 பிள்ளைகள். சின்னவளுக்கு 6 வயது, பெரியவனுக்கு 10. வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் ஆங்கிலத்தில் படிப்பார்கள், கீழே விளையாடும்போது கன்னடமும் இந்தியும் கலந்துகட்டி அடிப்பார்கள். எழுத்துப் பயிற்சி என்று நோட்டை எடுக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு உடனே தாகம் எடுத்துவிடும். அதனால்தான் புதையல் வேட்டைக்கு மாறினேன். ஹாலில் அங்கங்கே சீட்டுகளை ஒளித்து வைப்பேன். தேடிக் கண்டுபிடித்துச் சொல்லை எழுத வேண்டும்.

விளையாட்டு முதல் நாளே பிடித்துக்கொண்டது. எழுத்துப்பிழை மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. நோட்டில் பார்க்கும்போது எல்லாப் பிழையும் ஒரே சிவப்பு வட்டம்தான். ஆனால் சில பிழை காதில் இருக்கிறது, சில நாக்கில் இருக்கிறது, சில வெறும் ஞாபகத்தில். காதில் உள்ள பிழைக்குப் பத்துத் தடவை எழுத வைத்தால் கைதான் வலிக்கும்.

கீழே உங்கள் வகுப்பில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: ஒரு வேட்டைக்கு 8 சொல், 20 நிமிடம், இரண்டு இரண்டு பேராக ஜோடி. இதைவிடப் பெரிதாக்கினால் அது ஓட்டப்பந்தயமாகிவிடும்.

"மிஸ், நான்தான் ஃபர்ஸ்ட்!" ஆனால் ஒரு சொல்லும் மனதில் இல்லை

சோதனை: விளையாட்டு முடிந்ததும் சீட்டுகளையும் நோட்டுகளையும் வாங்கி வைத்துவிட்டு, எழுதியதில் ஏதாவது மூன்று சொல்லை வேறு தாளில் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் எட்டும் சரியாக இருந்து, தாளில் ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் பிள்ளை எழுதவில்லை, வரைந்திருக்கிறது.

என் முதல் வேட்டையில் நடந்தது இதுதான். ஒரு பையன் 'பூனை' என்று அச்சடித்தது போல் எழுதியிருந்தான். "என்னடா எழுதியிருக்க?" என்றேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஷூ ரேக்குக்குப் பின்னாடி இருந்தது மிஸ்" என்றான். சீட்டு கண்ணுக்கு எதிரில் இருந்தால் வாய்க்கு வேலையே இல்லை. கண்ணிலிருந்து நேராகக் கைக்குப் போய்விடுகிறது.

சரிசெய்ய: சீட்டை எடுத்து வரக் கூடாது. அது ஒட்டிய இடத்திலேயே இருக்கட்டும். நோட்டும் பென்சிலும் ஹாலின் மறுகோடியில். பார்த்துவிட்டு, நடந்து வந்து, எழுத வேண்டும். எங்கள் ஹாலில் அது ஏறக்குறைய இருபது காலடி. அந்த இருபது காலடிக்குள் சொல் வாயில் இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஏழு வயதுப் பெண் ஒருத்தி "வண்-டி, வண்-டி, வண்-டி" என்று முனகிக்கொண்டே வருவாள். நடுவில் யாராவது இடித்தால் சொல் கீழே விழுந்துவிடும், தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்ப்பாள். அந்த முனகல்தான் பாடம், மற்றதெல்லாம் ஜோடனை.

நோட்டுப் பக்கம் பெரிய பிள்ளை ஒன்றைக் காவலுக்கு உட்கார வையுங்கள். சொல்லை வாய்விட்டுச் சொன்னால்தான் பென்சில். மதிப்பெண்ணும் முதலில் வருபவருக்கு இல்லை, சரியான எழுத்துக்கு ஒன்று. 'அம்மா' என்றால் மூன்று: அ, ம், மா. ஆங்கிலத்தில் எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே ஒரு பாடம்.

"ப... இக்... க... இம்" என்று இழுக்கிறது, சொல் சேரவில்லை

எழுத்துகள் எல்லாம் தெரியும். தனித்தனியாகக் காட்டினால் டக்கென்று சொல்லும். 'பக்கம்' சீட்டின் முன்னால் நின்றுகொண்டு "ப இக் க இம்" என்று நான்கு தடவை சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கும். தவறு நம்முடையது. மெய்யெழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்தோம், ஒலியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. க் என்ற எழுத்துக்கு 'இக்' என்பது பெயர். சொல்லுக்குள் அந்த 'இ' கிடையாது. இதே பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கில எழுத்துகளை ஒலியாகத்தான் சொல்லித்தருகிறார்கள். தமிழை மட்டும் பெயரால் கற்றுக்கொண்டால் எப்படிச் சேரும்?

சரிசெய்ய: புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகப் படிக்கவே விடாதீர்கள். அது முன்னால் இருப்பவனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்: பக்-கம், வண்-டி, பட்-டம். கைதட்டிச் சொல்ல வையுங்கள். புள்ளி எழுத்துக்குத் தனிக் கைதட்டு இல்லை. 'பக்கம்' நான்கு எழுத்து, ஆனால் இரண்டே தட்டு. வேட்டையில் ஒரு சுற்றுக்கு, 'இரண்டு தட்டுச் சொல்லை மட்டும் பிடி' என்று விட்டுப்பாருங்கள்.

முதல் சில வாரத்துக்கு ட, ப, ம, க, த போன்ற சுலபமான எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளலாம்: படம், மடம், பட்டம், கதவு, பாட்டு. புள்ளியே வைக்காமல் 'பககம' என்று எழுதும் பிள்ளைக்கும் இதே கைதட்டுதான் மருந்து. கன்னடத்தில் இரட்டிக்கும் மெய் கீழே ஒட்டிக்கொண்டு வரும், மேலே புள்ளி வைக்கும் பழக்கம் அந்தக் கைக்கு இல்லை. சோம்பேறித்தனம் என்று திட்டிவிடாதீர்கள்.

ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிட்டது

இதில் அவசரப்படாதீர்கள். 'மளை' என்று எழுதிய பிள்ளைக்குக் கோளாறு எங்கே என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போதும். ஒன்றில் மலைப் படம், இன்னொன்றில் மழைப் படம். கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதாவது ஒன்றைச் சொல்வேன். பிள்ளை ஓடிப் போய்ச் சரியான நாற்காலியைத் தொட வேண்டும். வாயை மறைப்பது முக்கியம், இல்லையென்றால் உதட்டைப் படித்துவிடுவார்கள். அப்புறம் புலி–புளி, பல்லி–பள்ளி, கிளி–கிழி, தாள்–தாழ்.

தப்பான நாற்காலிக்கு ஓடினால் காதுக் கோளாறு. அந்தப் பிள்ளைக்கு எழுத்து வேட்டையே வேண்டாம், மூன்று வாரம் நாற்காலி மட்டும். சரியாக ஓடி, தானே சொல்லும்போது மாற்றிச் சொன்னால் நாக்குக் கோளாறு. ஓட்டமும் சரி, சொல்வதும் சரி, எழுதும்போது மட்டும் தப்பு என்றால் அது ஞாபகம். அதற்குத்தான் சீட்டும் இருபது காலடி நடையும்.

நாக்குக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள சொல்லும்போது நாக்கு சுருண்டு மேலே அண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது அதே போலச் சுருளும், ஆனால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். ஹாலில் கை கழுவும் இடத்துக் கண்ணாடியின் ஓரத்தில் 'பழம்' என்று ஒரு சீட்டு ஒட்டி, வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொல்ல வைத்தேன். வரிசை கட்டி நின்றார்கள்.

இங்கே ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது. பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு ள சுலபமாக வரும், கன்னடத்தில் அது அன்றாடம் புழங்குகிறது. ழ பழைய கன்னடத்தில் இருந்தது, இன்றைய வழக்கில் இல்லை. அங்கே மழை 'மளெ', கோழி 'கோளி', ஏழு 'ஏளு'. ஆகவே இங்கே பிள்ளை ழ-வை ள ஆக்குமே தவிர, ல ஆக்குவது குறைவு. உங்கள் வகுப்பில் டெல்லியிலிருந்து வந்த பிள்ளை இருந்தால் கதை வேறு. இந்தியில் ள-வே இல்லாததால் 'பல்லி'யும் 'பள்ளி'யும் அதற்கு ஒன்றுதான். இரண்டு பேருக்கும் ஒரே சீட்டுக் கட்டைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று மாதம் ஒரு பையனின் 'பளம்' திருந்தவே இல்லை. கடைசியில் வகுப்பை ஃபோனில் பதிவுசெய்து வீட்டில் போட்டுக் கேட்டேன். அவசரத்தில் நானே "வாளப்பளம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மதுரைப் பக்கத்துக்காரி, எங்கள் வீட்டில் அப்படித்தான். பையன் கேட்டதைக் கச்சிதமாக எழுதியிருக்கிறான்.

ந–ன, ர–ற: எத்தனை தடவை அழுத்திச் சொன்னாலும் பிடிபடவில்லை

பிடிபடாது. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் இந்த ஜோடிகளுக்கு ஒலி வேறுபாடே கிடையாது. ஆசிரியர்கள் வகுப்பில் மட்டும் 'பறவை'யில் ற-வை உருட்டி உருட்டிச் சொல்கிறோம். வெளியே போனால் நாமும் சாதாரணமாகத்தான் சொல்கிறோம். பிள்ளை எந்தக் காதால் கேட்கும்? எங்கள் அடுக்ககத்தில் நாகர்கோவில் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவர் 'கரி' என்பதும் 'கறி' என்பதும் தெளிவாக வேறு வேறாகக் கேட்கும். அந்தக் கொடுப்பினை இல்லாதவர்கள் காதை விட்டுவிட்டு விதிக்கு வாருங்கள். (ண–ன அப்படியில்லை. 'பணி', 'பனி' என்று நிதானமாகச் சொன்னால் காதுக்குத் தெரியும். அதற்கு நாற்காலி விளையாட்டே போதும்.)

நல்லவேளை, விதி அரிச்சுவடியிலேயே ஒளிந்திருக்கிறது. மெய்யெழுத்து வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: க ங, ச ஞ, ட ண, த ந, ப ம. கடைசியில் ற ன. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். மூக்கொலி வந்து அடுத்து வல்லினம் வந்தால் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார்: சங்கு, பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று. பெரியவர்கள் இந்த எழுத்துகளுக்கு வைத்த பெயரிலேயே சேதி இருக்கிறது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்பதில் முதல் எழுத்தைப் பாருங்கள், ட, த, ற. மூன்று சுழி, இரண்டு சுழி என்று கற்ற எனக்கு இது நாற்பது வயதில்தான் உறைத்தது.

இதற்கான வேட்டை: 'வ_டி', 'ப_து', 'க_று', 'ச_கு' என்று ஓட்டைச் சொற்களைச் சுவரில் ஒட்டிவிட்டு, ண், ந், ன், ங் எழுதிய வில்லைகளை ஒளித்து வையுங்கள். கிடைத்த வில்லையை அதன் வீட்டில் வைக்க வேண்டும். இங்கே காதால் ஒன்றும் செய்ய முடியாது, அரிச்சுவடியைச் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும். பின்னால் வல்லினம் இல்லாத இடத்தில், சொல்லின் முதலில் ந, நடுவிலும் கடைசியிலும் ன. 'இந்நாள்', 'செந்நிறம்' போல இரண்டு சேர்ந்த சொற்கள் விலக்கு. அவற்றை எட்டு வயதுக்குக் கீழே காட்டாதீர்கள்.

ர–ற கொஞ்சம் முரண்டு பிடிக்கும். விதி பாதித் தூரம்தான் வரும்: சொல்லின் முதலில் ற வராது, கடைசியில் ற் நிற்காது. ன்-க்குப் பின்னால் ற-தான். இரட்டிப்பது ற மட்டும், ர் இரட்டிக்காது. ற்-க்குப் பின்னால் இன்னொரு மெய் வராது, அதனால்தான் 'முயற்ச்சி' தப்பு, 'முயற்சி' சரி. ர்-க்குப் பின்னால் வரும்: பார்க்க, சேர்த்து. மீதிப் பாதி மரம், கரடி, விரல், பறவை, சிறகு, நூறு. இவற்றுக்கு விதி இல்லை, பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். எழுத வைக்காமல் பிரிக்க வையுங்கள். சுவரில் ர வீடு, ற வீடு என்று இரண்டு சார்ட். கண்டுபிடித்த சீட்டை எந்த வீட்டில் ஒட்டுவது என்பதுதான் விளையாட்டு. ஜோடியாகக் குழப்பும் சொல்லுக்கு ஒரு வாக்கியம் பிடித்துக்கொள்வோம். "ஆற்றங்கரையில் விழுந்தான், சட்டையில் கறை" என்பது பிள்ளைகள் கட்டியது. அந்தச் சட்டை யாருடையது என்பதில் வாராவாரம் சண்டை.

'தலெ' என்றும் 'கொடை' என்றும் எழுதுகிறது

காது நன்றாக இருப்பதால் வரும் பிழை இது. 'தலை' என்ற சொல்லின் கடைசியில் முழு ஐ நாம் யாரும் சொல்வதில்லை, குறுகித்தான் ஒலிக்கிறது. இலக்கணத்தில் அதற்கு ஐகாரக்குறுக்கம் என்று பெயரே இருக்கிறது. போதாததற்குக் கன்னடத்தில் அது 'தலெ'யேதான், எழுத்திலும். பள்ளியில் அதைச் சரியாக எழுதி டிக் வாங்கிய பிள்ளை ஞாயிற்றுக்கிழமை அதையே எழுதி வட்டம் வாங்குகிறது.

விதி சின்னது: சொல்லின் கடைசியில் எ போலக் கேட்டால் ஐ எழுது. ஹாலுக்குள்ளேயே ஐ-யில் முடியும் பொருள்களைத் தேடச் சொன்னேன். மேசை, கூடை, சட்டை, தலை, இலை, குடை, பை என்று வந்தது. 'பை' மட்டும் முழுதாக ஒலிப்பதை ஒரு பெண் கவனித்துச் சொன்னாள். கை, மை என்று அவளே அடுக்கிக்கொண்டு போனாள். ஓரெழுத்துச் சொல்லில் ஐ குறுகாது. நான் சொல்லித்தரவில்லை.

'கொடை' வேறு சங்கதி. குடைப் படத்துக்குக் கீழே 'கொடை' என்று எழுதியிருந்தான் ஒருவன். வீட்டில் "கொடய எடு" என்றுதானே கேட்கிறான்? இலை 'எல' ஆவதும் உடம்பு 'ஒடம்பு' ஆவதும் இதே ரகம். இதைத் தப்பு என்று அடித்தால் வீட்டில் அம்மா பேசும் தமிழே தப்பு என்றாகிவிடும். எங்கள் வகுப்பில் 'வீட்டு வாய்', 'நோட்டு வாய்' என்று பெயர் வைத்திருக்கிறோம். சீட்டில் படம் இருக்கும். முதலில் வீட்டு வாயில் சொல், அப்புறம் நோட்டு வாயில் சொல், பிறகு எழுது. இரண்டு வாயிலும் சொல்பவருக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண்.

"மிஸ், இதுக்கு எந்த க?"

கன்னடத்திலும் இந்தியிலும் நான்கு க படித்த பிள்ளை தமிழுக்கு வந்தவுடன் கேட்கும் நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் ஹாலின் நான்கு மூலைகளுக்கு அனுப்புங்கள். ஒரு மூலையில் 'கல்', அடுத்ததில் 'பக்கம்', அடுத்ததில் 'சங்கு', கடைசியில் 'பகல்'. பின் கடல், அக்கா, மாங்காய், நகம் என்று சீட்டு சீட்டாக எடுத்து, க எந்த மூலையில் கேட்பது போலக் கேட்கிறதோ அங்கே போட வேண்டும். பத்துச் சீட்டு முடிவதற்குள் யாராவது ஒருவர் கத்திவிடுவார்: எழுத்து ஒன்றுதான், உட்காரும் இடத்தைப் பொறுத்துக் குரல் மாறுகிறது. ச-வையும் இப்படியே: சட்டை, பச்சை, மஞ்சள்.

'குண்டு', 'பஸ்', 'காந்தி' மூன்றையும் முதல் மூன்று மாதம் ஒளித்து வையுங்கள், சீட்டாக அல்ல, பேச்சே எடுக்காமல். இவற்றில் முதல் எழுத்தே மெத்தென்று ஒலிக்கிறது; பேச்சு வழக்கும் வந்து சேர்ந்த சொல்லும் இந்தக் கணக்குக்கு அடங்காது. எப்படியும் யாராவது கேட்பார்கள். கேட்டால் அப்படியே சொல்லிவிடலாம்.

வெட்டிய அட்டையைச் சேர்க்க முடியவில்லை

சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஒளித்து வைத்து, சேர்க்கச் சொல்லும் வேட்டை. நான் அடித்த மகா சொதப்பல் இதில்தான். கம்ப்யூட்டரில் பெரிதாக அச்சடித்துக் கத்தரிக்கோலால் சம அளவில் வெட்டினேன். 'கொக்கு' என்ற சொல்லில் கொம்பு ஒரு துண்டிலும், க இன்னொன்றிலும், கால் மூன்றாவதிலும் போய்விட்டது. காலைப் பார்த்த பிள்ளை அதை ர என்றது. கொம்பு கிடைத்தவன் அதைக் கடைசியில் வைத்துவிட்டு, "கன்னடத்துல பின்னாடிதானே மிஸ் வரும்" என்றான். எழுத்தின் நடுவே கத்தரி படக் கூடாது. கொ ஒரு துண்டு, க் ஒரு துண்டு, கு ஒரு துண்டு. 'கௌ' வரும் சொற்களை இந்த விளையாட்டிலிருந்து தள்ளியே வையுங்கள், 'கெள' என்றுதான் படிப்பார்கள்.

ஒரு சீட்டை மட்டும் யாராலும் படிக்க முடியவில்லை

யார் எழுதியது என்று பாருங்கள். நாகர்கோவில் தாத்தா ஒரு வாரம் உதவிக்கு வந்து முத்து முத்தாக எழுதிக்கொடுத்தார். 'யானை' சீட்டின் முன்னால் ஆறு பேர் கூடி நின்றார்கள். அவர் னை-யைத் தும்பிக்கை போட்டுப் பழைய முறையில் எழுதியிருந்தார். 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்ட பிறகுதான் ணை, லை, ளை, னை, ணா, றா, னா உள்பட 13 எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. அதற்கு முன் எழுதப் பழகிய கை அப்படியே எழுதும்.

அந்தச் சீட்டை நான் மாற்றவில்லை. வாரம் ஒரு 'தாத்தா சீட்டு' உண்டு, அதைப் படித்தால் இரட்டை மதிப்பெண். ஆனால் எழுதும்போது புதிய வடிவம்தான்.

சின்னச் சின்ன இடைஞ்சல்கள்

ஒரே பிள்ளை எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறது என்றால் ஜோடிக்கு ஒரு நிறம் கொடுங்கள். பச்சை ஜோடி பச்சைச் சீட்டை மட்டும்தான் தொடலாம். வேகக்காரர்களின் நிறத்தில் கஷ்டமான சொற்களைப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது.

சீட்டு காணாமல் போகிறது என்றால் தரையிலும் நாற்காலிக்கு அடியிலும் வைக்காதீர்கள். நாங்கள் வருவதற்குள் பெருக்கும் அக்கா எல்லாவற்றையும் கூட்டி வாரிப் போட்டுவிடுவார், அவர் மேல் தப்பில்லை. சுவரில் டேப் ஒட்டினால் பெயின்ட் உரிகிறது என்று சங்கத்திலிருந்து ஆள் வரும். ஜன்னல் திரைச்சீலையிலும் தண்ணீர் கேன் மூடியிலும் துணி கிளிப்பால் மாட்டிவிடுவதே மேல்.

அம்மாக்கள் வாசலில் நின்று ஜாடை காட்டுகிறார்கள் என்றால் அவர்களுக்கும் ஒரு சீட்டுக் கட்டு கொடுத்துவிடுங்கள். ர–ற கட்டைக் கொடுத்தால் அமைதியாகிவிடுவார்கள்.

ஹாலில் எழுத வருகிறது, வெளியே கண்ணில் பட்டதைப் படிக்க வரவில்லை

சென்னையில் என்றால் பஸ் ஜன்னலிலிருந்தே பாதிப் பாடம் முடிந்துவிடும். இங்கே தமிழ் எழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் தினசரிக் காலண்டர், மளிகைப் பொட்டலம், கல்யாணப் பத்திரிகை. நான் கொடுக்கும் வீட்டு வேட்டை எப்போதும் ரூபாய் நோட்டில்தான் தொடங்கும். பின்பக்கத்தில் 15 மொழிகளில் மதிப்பு அச்சிட்டிருக்கும் பட்டியலில் மேலிருந்து நாலாவது கன்னடம், கீழிருந்து மூன்றாவது தமிழ். பத்து ரூபாய் நோட்டில் தமிழில் 'பத்து', கன்னடத்தில் 'ஹத்து'. நூறு ரூபாய் நோட்டில் தமிழில் 'நூறு', கன்னடத்தில் 'நூரு'. இரண்டு எழுத்தும் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சீட்டு யார் அடித்துத் தருவார்கள்? ப அங்கே ஹ ஆகிறது என்று கண்டுபிடித்தவன் பால்–ஹாலு, பூ–ஹூ, புலி–ஹுலி என்று அடுத்த வாரம் ஒரு பட்டியலோடு வந்தான். 'நூறு' எழுதும்போது அன்றிலிருந்து யாரும் ர போடவில்லை.

ஒரு தடவை அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்குக் கூட்டிப் போனேன். 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்ட சிலை. அந்தக் கதையைவிடப் பிள்ளைகளுக்குப் படகுதான் பிடித்தது. ஆனால் போகிற வழியெல்லாம் 'வள்ளுவர்' எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஐந்து.

போன வாரம் தெரிந்தது, இந்த வாரம் மறந்துவிட்டது

வாரம் ஒரு நாள் வகுப்புக்கு இது சாதாரணம். எட்டுச் சொல்லும் புதிதாக இருக்க வேண்டாம். ஐந்து புதிது, இரண்டு போன வாரத்தது, ஒன்று ஒரு மாதம் முந்தியது. பழைய சொல்லைப் பழைய இடத்தில் வைக்காதீர்கள், இடத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

மாதம் ஒரு தடவை வேட்டையைத் தலைகீழாக்குவோம். சீட்டை எழுதுவதும் ஒளிப்பதும் பிள்ளைகள், தேடுவது நானும் தாத்தாவும். எங்களை ஏமாற்ற வேண்டும் என்பதற்காகவே கஷ்டமான சொல்லைத் தேடிப் பிடித்து, சரியாக எழுதியிருக்கிறதா என்று நான்கு பேரிடம் கேட்டுக்கொண்டு வருவார்கள். போன மாதம் 'கறுப்பு' என்று ஒரு சீட்டு. நான் தப்பு, 'கருப்பு' என்றேன். தாத்தா விடவில்லை. இரண்டும் அச்சில் வருகின்றன என்று ஒத்துக்கொள்ள எனக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் பரிசுக்கு வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட் காலி.